இரு வல்லரசுகளுக்கு இடையே மங்கோலியம்

வலியறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என மூன்று அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து நிறுத்தினார். வினை ஒன்றைத் தொடங்குமுன் தன் ஆற்றலையும் பகைவர் ஆற்றலையும் எடைபோட்டு, உரிய பொழுதையும் உரிய இடத்தையும் தேர்ந்தே இறங்குதல் வேண்டும் என்பதே அம் மூன்றன் பிழிவு. பெருநாடொன்று இவற்றுள் ஒன்றில் தவறினும் இழப்பை எண்ணிக் கணக்கெழுதிவிட்டு எழுந்துவிடும். சிறுநாடோ ஒன்றில் தவறினும் நிலப்படத்திலிருந்தே மறைந்துபோகும். ஆகலின் இம் மூன்று அதிகாரங்களும் பேரரசர்க்கு அறிவுரையாக இருக்கலாம். சிறுநாட்டார்க்கோ அவை உயிர்நிலை.

இவ்வுண்மைக்குக் கண்கூடான சான்று வேண்டுவோர் மங்கோலியத்தை நோக்குக. வடக்கே உருசியம், ஏனைய புறமெல்லாம் சீனம். உருசியத்தோடு ஏறத்தாழ 3,500 கி.மீ., சீனத்தோடு ஏறத்தாழ 4,700 கி.மீ. எல்லையுடைய அந்நாட்டை மூன்றாவது நாடு எதுவும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. கடற்கரை ஓரடியும் இல்லை. பரப்பு 15 இலக்கத்து 64 ஆயிரம் சதுரக் கி.மீ.; மக்கள் தொகையோ 35 இலக்கம் அளவே. அவருள்ளும் ஏறத்தாழச் செம்பாதியர் தலைநகராகிய உலான்பாத்தரில் வாழ்கின்றனர். எஞ்சியதெல்லாம் புல்வெளியும் பாலையும் மலையுமே. ஒருபால் நூற்று நாற்பது கோடி மக்களையுடைய சீனம். மற்றொருபால் உலகிலேயே மிகப் பெரும் பரப்பும் அணுப்படைக்கலங்களும் கொண்ட உருசியம். இவ்விரண்டும் நினைத்தால் ஒரு கிழமைக்குள் அந்நாட்டைப் பங்கிட்டுக் கொள்ளலாம். ஆயினும் மங்கோலியம் தன் பெயரோடும் கொடியோடும் மொழியோடும் இன்றும் தனிநாடாக நிற்கின்றது. அஃது எவ்வாறு நின்றது, நிற்பதற்கு எவ்வளவு விலை கொடுத்தது, அவ்விலையுள் எதனை மீட்டது, எதனை இன்னும் மீட்கவில்லை என்பவற்றை எண்ணிப் பார்த்தல் மொழியையும் இனத்தையும் உயிராகக் கருதுவார்க்குப் பெரிதும் பயன்தரும்.

கி.பி. 1206இல் செங்கிசுக்கான் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றாக்கி மங்கோலியப் பேரரசை நிறுவினான். அப்பேரரசு பின்னர்ச் சீனத்தையும் ஆண்டது, உருசியத்தையும் அடக்கியது. ஆனால் ஆண்ட வரலாறு மட்டுமே ஓரினத்தைக் காத்துவிடாது. 1691இல் வடபால் மங்கோலியத் தலைவர்கள், சீனத்தை அந்நாள் ஆண்ட மஞ்சு மன்னர்க்கு அடிபணிந்தனர். ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகள் அவ்வடிமை நீடித்தது. 1911இல் மஞ்சு ஆட்சி சரியத் தொடங்கியபோதுதான் மங்கோலியர் விழித்தெழுந்தனர். அவ்வாண்டு திசம்பரில் விடுதலை அறிவித்து, புத்தநெறித் தலைவராகிய போக்துகானை அரசராக முடிசூட்டினர். காலம் அறிந்து செய்த செயல் அது. ஆனால் வலியறிதலில் அவர்கள் பட்டறிவு போதவில்லை. விடுதலையை அறிவிப்பது ஒன்று. அதனைப் பிறர் ஒப்புமாறு செய்வது வேறொன்று.

அன்றைய உருசியப் பேரரசு மங்கோலியர்க்குக் கைகொடுப்பது போற் கைகொடுத்தது. 1915இல் கியாக்தா என்னும் எல்லை நகரில் உருசியரும் சீனரும் மங்கோலியரும் ஒரே மேசையில் அமர்ந்து உடன்படிக்கை செய்தனர். அதன்படி மங்கோலியம் தன்னாட்சி பெற்றது. ஆனால் சீனத்தின் மேலாண்மைக்கு உட்பட்ட தன்னாட்சியே பெற்றது. விடுதலை என்று தொடங்கியது தன்னாட்சி என்று தேய்ந்தது. உருசியத்தில் 1917இல் புரட்சி மூண்டு அந்நாடு தன் வீட்டுச் சண்டையில் மூழ்கியதும், 1919இல் சீனப் படைத்தலைவன் ஒருவன் உலான்பாத்தருக்குள் படையோடு புகுந்து அத் தன்னாட்சியையும் ஒழித்தான். துணைநின்ற வல்லரசு தளர்ந்த அன்றே, அது வாங்கிக் கொடுத்த உரிமையும் தளர்ந்தது. பிறர் தோளில் ஏறி நிற்பவன் தன் உயரத்தைத் தன்னுடையதென்று எண்ணலாகாது என்பதை மங்கோலியர் அன்று கற்றனர்.

1921 பிப்பிரவரியில், புரட்சியை எதிர்த்து ஓடிவந்த உருசியப் படையொன்று உங்கெர்ன் என்பான் தலைமையில் சீனரை விரட்டித் தலைநகரைப் பிடித்தது. சூலையில் சுக்பாத்தர் முதலிய மங்கோலியப் புரட்சியாளர் செஞ்சேனையின் துணையோடு அதனை மீட்டனர். ஈராண்டிற்குள் ஒரே நகரம் மூன்று அயற்படைகளைக் கண்டது. மண் மங்கோலியருடையது; போரிட்டவை பிறர் வாள்கள். 1924இல் போக்துகான் மறைந்தபின் மக்கள் குடியரசு அறிவிக்கப் பெற்றது. சீனத்தின் பிடியிலிருந்து தப்ப வேண்டின் சோவியத்தின் நிழலில் ஒதுங்குவதைத் தவிர அன்று வேறு வழியில்லை. அந்நிழல் குளிர்நிழலாக மட்டும் இருக்கவில்லை.

புத்த துறவியரை ஒழித்துக்கட்டுமாறு இசுதாலின் வற்புறுத்தியபோது தலைமையமைச்சர் கெண்டன் இணங்கவில்லை. 1936இல் பதவி பறிக்கப்பட்டார். 1937இல் மாசுக்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரையடுத்துத் தலைமையமைச்சரான அமரும் சோவியத்து மண்ணிலேயே 1941இல் உயிரிழந்தார். ஒரு தனிநாட்டின் தலைமையமைச்சர் இருவர் அயல்நாட்டுக் கொலைக்களத்தில் மாண்டனர் எனின், அத் தனிமையின் தரம் விளங்கும். சோய்பால்சன் ஆட்சியில் 1937இல் தொடங்கிய கொடுமையில் துறவியரும் கற்றோரும் அதிகாரிகளுமாக இருபதாயிரத்திற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எழுநூறு அளவிலான துறவியர் பள்ளிகளுள் எஞ்சியவை மிகச் சிலவே. அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளும் தீக்கிரையாயின. குலப்பெயர்களை மக்கள் தம் பெயரோடு வழங்குவதும் முன்னரே தடுக்கப்பட்டிருந்தது. முன்னோர் யாவர் என்றறியாத மக்களை ஆளுதல் எளிது என்பதை ஆதிக்கக்காரர் எக்காலத்தும் நன்கறிவர்.

மொழியின்மேல் விழுந்த அடி இதனினும் ஆழமானது. மங்கோலியர்க்குச் செங்கிசுக்கான் காலந்தொட்டு வழங்கிவந்த எழுத்து ஒன்றுண்டு. உய்குர் எழுத்திலிருந்து கிளைத்த அது, மேலிருந்து கீழாக எழுதப்பட்டு, வரிகள் இடமிருந்து வலமாக நகர்வது. எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட அவ்வெழுத்தை விட்டு, 1941 பிப்பிரவரியில் இலத்தீன் எழுத்தை மேற்கொள்வதென முடிவு செய்தனர். அடுத்த மாதமே அம்முடிவும் மாற்றப்பட்டு, உருசியரின் சிரில்லிய எழுத்தே மங்கோலிய மொழிக்கும் எழுத்தாக்கப்பட்டது. உருசியரின் 33 எழுத்துகளோடு மங்கோலிய ஒலிகளுக்காக இரண்டே எழுத்துகளைக் கூட்டி 35 ஆக்கினர். 1946 சனவரி முதல் அதுவே ஆட்சியெழுத்தாயிற்று. கற்பது எளிது என்பதே இம்மாற்றத்திற்குச் சொல்லப்பட்ட காரணியம். எழுத்தறிவு பெருகியதும் உண்மையே. ஆனால் ஒரு தலைமுறை கழிந்தபின், எழுதப் படிக்கத் தெரிந்த மங்கோலியன் தன் பாட்டன் எழுதிய மடலைப் படிக்க மாட்டாதவன் ஆனான். எழுத்தறிவு வந்தது, முன்னோர் எழுத்தின் அறிவு போயிற்று.

இவ்வளவையும் இழந்து மங்கோலியர் பெற்றது என்ன? நாடு. அதன் மதிப்பை உணர அருகிலிருந்த துவாவைப் பார்க்க வேண்டும். மஞ்சு ஆட்சியிலிருந்து மங்கோலியத்தைப் போலவே விடுபட்டு, 1921இல் துவாவும் தனிக்குடியரசாயிற்று. அதனை ஒப்புக்கொண்டவை சோவியத்தும் மங்கோலியமுமே. 1944 அத்தோபரில் சோவியத்து ஒன்றியம் துவாவைத் தன்னோடு இணைத்துக் கொண்டது. உலகில் எவரும் ஏனென்று கேட்கவில்லை. துவாவுக்கு நேர்ந்தது மங்கோலியத்துக்கும் நேர்ந்திருக்கலாம். நேராமைக்கு உருசியரின் நல்லெண்ணம் காரணியமன்று. சீனத்துக்கும் தமக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும் என்ற அவர்தம் தேவையே காரணியம். 1939இல் கால்கா ஆற்றங்கரையில் சுக்கோவ் தலைமையில் சோவியத்துப் படையும் மங்கோலியப் படையும் சேர்ந்து சப்பானியப் படையை முறியடித்தபோது, அச்சுவரின் பயனை மாசுக்கோ நேரிற் கண்டது.

1945 பிப்பிரவரியில் யால்தா மாநாட்டில் மூன்று வல்லரசுத் தலைவர்கள் கூடி, வெளி மங்கோலியத்தின் அன்றைய நிலை காக்கப்படும் என்று எழுதிக்கொண்டனர். அம்மாநாட்டில் மங்கோலியர் எவரும் இல்லை. பொதுமக்கள் வாக்கெடுப்பில் விடுதலை வேண்டுமென்று முடிவாயின் ஒப்புக்கொள்வதாகச் சீன அரசு இசைந்தது. 1945 அத்தோபர் 20இல் வாக்கெடுப்பு நடந்தது. விடுதலைக்கு எதிராக ஒரு வாக்கும் விழவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அவ்வெண்ணிக்கையின் தூய்மையை ஐயுறலாம். ஆனால் சீனத்தின் கீழ் வாழ மங்கோலியர் விரும்பவில்லை என்பதில் ஐயமில்லை. 1946 சனவரியில் சீனம் ஒப்புதல் அளித்தது. ஆயினும் தைவானுக்குப் பெயர்ந்த அவ்வரசே பின்னர் அவ்வொப்புதலை விலக்கிக் கொண்டு, 1955இல் தன் தடுப்புரிமையால் மங்கோலியம் ஐ.நா. அவையில் சேராதவாறு தடுத்தது. 1961 அத்தோபரில்தான் அந்நாடு அவ்வவையில் இடம்பெற்றது. விடுதலை அறிவிப்புக்கும் உலக அவையின் இருக்கைக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

சோவியத்தும் செஞ்சீனமும் நட்பாயிருந்த சில ஆண்டுகளில் மங்கோலியம் இருபாலும் பயன்பெற்றது. உலான்பாத்தர் வழியாக மாசுக்கோவையும் பீக்கிங்கையும் இணைக்கும் இருப்புவழி 1956இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பின்னர் இருவரும் பிரிந்தனர். அப்பொழுது மங்கோலியம் காட்டிய நுண்ணறிவொன்று குறிக்கத்தக்கது. சோவியத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே, 1962 திசம்பரில் சீனத்தோடு எல்லை உடன்படிக்கையை முடித்துக்கொண்டது. பகைவரிடமிருந்தும் பெறத்தக்கதைப் பகை முற்றுமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் இடனறிந்தார் செயல். அதன்பின் 1966இல் சோவியத்தோடு புதிய உடன்படிக்கை ஏற்பட்டது; சோவியத்துப் படைகள் மங்கோலிய மண்ணில் பெருமளவில் நிலைகொண்டன. சீனத்திற்கு எதிரான பாசறையாகவே அந்நாடு மாறியது.

அந்நாளில் மங்கோலியன் தன் முன்னோனின் பெயரைச் சொல்லவும் அயலான் இசைவு வேண்டியிருந்தது. 1962இல் செங்கிசுக்கானின் எண்ணூறாம் ஆண்டுப் பிறந்தநாளைக் கொண்டாட முயன்றபோது மாசுக்கோ சினந்தது. விழா ஒடுக்கப்பட்டது, அதற்குத் துணைநின்ற கட்சிச் செயலாளர் தோமோர் ஓச்சிர் பதவி இழந்தார். பள்ளிகளில் உருசிய மொழி கட்டாயமாக இருந்தது. உயர்கல்வியும் உயர்பதவியும் அம்மொழி வல்லார்க்கே எளிதாயின. நாடு தன்னது, நாவு பிறர்க்குரியது என்னும் நிலை அது.

1989 திசம்பரில் உலான்பாத்தர்த் தெருக்களில் இளைஞர் திரண்டனர். 1990 மார்ச்சில் கடுங்குளிரில் உண்ணாநோன்பு இருந்தனர். ஆளுங்கட்சியின் தலைமைக்குழு துப்பாக்கியை எடுக்காமல் பதவி விலகியது. அவ்வாண்டு சூலையில் பல கட்சித் தேர்தல் நடந்தது. குருதி சிந்தாமல் நிகழ்ந்த அம்மாற்றம் மங்கோலியரின் பெருமைகளுள் ஒன்று. 1992இல் புதிய அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே கடைசி உருசியப் படையும் வெளியேறியது. சட்டமின்றி அயற்படை நாட்டில் தங்குதல் கூடாது என்பதும், மங்கோலிய மொழியே ஆட்சிமொழி என்பதும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டன.

அன்றுதொட்டு மங்கோலியம் மேற்கொண்ட கொள்கை துலைக்கோலின் கொள்கை. 1993இல் உருசியத்தோடும் 1994இல் சீனத்தோடும் நட்புடன்படிக்கைகள் செய்துகொண்டது. இருவரோடும் நட்பு, இருவருள் எவரோடும் படைக்கூட்டு இல்லை. ஆனால் இரண்டு தட்டுகளும் பிறர் கையிலிருப்பின் கோல் தன்வயப்படாது என்று கண்டு, 'மூன்றாம் அண்டைநாடு' என்றொரு கருத்தை வகுத்தனர். அமெரிக்க அயலுறவு அமைச்சர் சேம்சு பேக்கர் 1990இல் அங்குச் சென்றபோது எழுந்த அச்சொல், பின்னர் அமெரிக்கம், சப்பான், கொரியம், ஐரோப்பிய நாடுகள், இந்தியா ஆகியவற்றோடு கொள்ளும் உறவுகளுக்கெல்லாம் பெயராயிற்று. எல்லையில் இல்லாத அண்டைநாட்டை மங்கோலியர் தம் முயற்சியால் படைத்துக்கொண்டனர்.

சொல்லோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தம் நாடு அணுப்படைக்கலம் அற்ற நாடு என்று 1992இல் ஐ.நா. அவையில் அறிவித்தனர், 2000இல் அதனைச் சட்டமாக்கினர், 2012இல் ஐந்து அணுவல்லரசுகளும் அந்நிலையை மதிப்பதாக எழுத்தில் உறுதி கூறின. எந்த ஒரு நாட்டின் முதலீடும் மொத்த அயல்முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கை மீறலாகாது என்று 2010இல் வகுத்த பாதுகாப்புக் கொள்கையில் எழுதினர். ஓயு தோல்கோய் செம்புச் சுரங்கத்தைச் சீனர்க்கோ உருசியர்க்கோ விடாமல் மேலைநாட்டு நிறுவனத்திற்கு 66 விழுக்காடும், தம் அரசுக்கு 34 விழுக்காடுமாக வைத்தனர். சீனமும் உருசியமும் தலைமை தாங்கும் சாங்காய் கூட்டமைப்பில் 2004 முதல் நோக்குநராக மட்டும் அமர்ந்து, முழு உறுப்பாகச் சேராதிருக்கின்றனர். அமெரிக்கரோடும் படைப்பயிற்சி செய்கின்றனர், உருசியரோடும் செய்கின்றனர். ஐ.நா. அமைதிப்படைக்குத் தம் வீரர்களை அனுப்பி, உலகம் தம்மை மறவாதவாறு பார்த்துக்கொள்கின்றனர். சோவியத்துக் காலக் கடன் என்று உருசியம் கேட்ட பெருந்தொகையில் 98 விழுக்காட்டை 2003இல் தள்ளச் செய்து, 25 கோடி அமெரிக்கத் தாலரோடு அக்கணக்கை முடித்துக்கொண்டனர்.

இம் மூன்றாம் அண்டைநாடுகளுள் இந்தியாவுக்கும் இடமுண்டு. பொதுவுடைமை நாடுகளுக்கு வெளியே, 1955 திசம்பரில் முதன்முதலாக மங்கோலியத்தோடு தூதுறவு கொண்டது இந்தியாவே. இலடாக்கைச் சேர்ந்த புத்த துறவி குசோக் பகுலா இரின்போச்சே 1990 முதல் பத்தாண்டுகள் அங்கு இந்தியத் தூதராக இருந்து, அழிந்துகிடந்த புத்தநெறி மீண்டும் தழைக்கத் துணைசெய்தார். 2015இல் இந்தியா அறிவித்த நூறு கோடித் தாலர் கடனுதவி, தோர்னோகோவிப் பகுதியில் கல்நெய்த் தூய்மிப்பு ஆலை அமைப்பதற்கென ஒதுக்கப்பட்டது. கல்நெய்க்கு உருசியத்தையே நம்பியிருக்கும் நிலையிலிருந்து விடுபட அவ்வாலையை மங்கோலியர் பெரிதும் எதிர்நோக்கினர்.

இவற்றையெல்லாம் கண்டு மங்கோலியம் முற்றும் தன்வயத்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. துலைக்கோல் பிடித்த கைக்கும் பசிக்கும். அந்நாட்டின் ஏற்றுமதியில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் சீனத்துக்கே செல்கின்றது. நிலக்கரியும் செம்பும் சீனன் வாங்காவிடின் கருவூலம் காலி. ஓடும் ஊர்திக்கு வேண்டிய கல்நெய்யில் மிகப் பெரும்பங்கு உருசியத்திலிருந்து வருகின்றது. உலான்பாத்தர் இருப்புவழியில் செம்பாதி உரிமை இன்றும் உருசிய அரசினதே. தண்டவாள அகலமும் உருசிய அகலம். சீன எல்லையில் வண்டிகளைத் தூக்கிச் சக்கரத் தொகுதியை மாற்றியே அனுப்ப வேண்டும். இரு பேரரசுகளின் பகையும் நட்பும் அத் தண்டவாளத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

2016 நவம்பரில் தலாய் இலாமா உலான்பாத்தருக்குச் சென்றார். மங்கோலியர் பலர்க்கு அவர் நெறித்தலைவர், சீனத்துக்கோ பிரிவினைக்காரர். சீனம் பேச்சுவார்த்தைகளை நிறுத்தியது. எல்லைவழிச் செல்லும் சரக்குகளின்மேல் புதிய கட்டணம் விதித்தது. கடன்சுமையால் தத்தளித்துக்கொண்டிருந்த மங்கோலிய அரசு, ஒரு திங்களுக்குள் இனி அவரை அழைப்பதில்லை என்று சொல்ல நேர்ந்தது. தன் வீட்டு விருந்தினரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை ஒரு நாடு கட்டணச் சீட்டின்முன் இழந்தது. 2022இல் உக்கிரேனியப் போர் பற்றிய ஐ.நா. வாக்கெடுப்பில் மங்கோலியம் எப்பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2024 செப்தம்பரில் உருசியத் தலைவர் புதின் அங்குச் சென்றபோது, பன்னாட்டுக் குற்ற அறமன்றத்தின் பிடியாணை அவர்மீதிருந்தும், அம்மன்றத்தின் உறுப்புநாடாகிய மங்கோலியம் அவரைப் பிடிக்கவில்லை, வரவேற்பு அளித்தது. மன்றம் பின்னர் அதனைக் குற்றமெனக் கூறியது.

இவற்றைக் கோழைமை என்று பழிப்போர் உளர். குளிர்காலத்தில் விளக்கும் கணப்பும் எரிய வேண்டுமானால் வடக்கேயுள்ளவன் மனம் கோணலாகாது என்ற நிலையிலிருப்போரைத் தொலைவிலிருந்து பழித்தல் எளிது. ஆனால் அதனையே அரசறிவு என்று போற்றுதலும் தவறு. வளைதல் வேறு; வளைந்தே பழகுதல் வேறு. தான் வளைந்ததைத் தானே அறிந்து, நிமிரும் நாளை எண்ணி ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்பவனே வளைந்தும் மானமுடையவன். மங்கோலியர் அவ்வாறு எண்ணுகின்றனரா என்பதை அவர்தம் வாணிகக் கணக்கைவிட அவர்தம் எழுத்தின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

விடுதலை பெற்றவுடன் அவர்கள் எண்ணியவற்றுள் ஒன்று பழைய எழுத்தை மீட்பது. 1991இல் பேரவை அதற்கு முடிவெடுத்தது. பள்ளிகளில் கற்பிக்கத் தொடங்கினர். ஆனால் ஆசிரியர் இல்லை, நூல்கள் இல்லை, அச்சுக்கருவிகள் இல்லை, பணமும் இல்லை. அரைநூற்றாண்டு அறுந்த இழையை மூன்றாண்டில் முடிய முடியவில்லை. குறித்த 1994 வந்தபோது திட்டம் கைவிடப்பட்டது. வேறோரினமாயின் அத்தோடு அயர்ந்திருக்கும். மங்கோலியர் விடவில்லை. 1995 முதல் படிப்படியாகத் திட்டமிட்டு ஒரு புதுத் தலைமுறைக்கு அவ்வெழுத்தைக் கற்பித்தனர். 2015இல் மொழிச்சட்டம் இயற்றி, பத்தாண்டு இடைவெளி கொடுத்து, 2025 சனவரி முதல் நாளிலிருந்து அரசு அலுவல்கள் சிரில்லியத்தோடு பழைய மங்கோலிய எழுத்திலும் நடைபெற வேண்டுமென விதித்தனர். அந்நாள் வந்தது, சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பறிக்கப்பட்ட குலப்பெயர்களையும் மக்கள் மீண்டும் தேடிச் சூடிக்கொண்டனர்.

எல்லைக்கு அப்பாலுள்ள மங்கோலியரின் கதை இதற்கு நேர்மாறானது. சீனத்தின் ஆட்சிக்குட்பட்ட உள்மங்கோலியத்தில் நாற்பது இலக்கத்திற்கு மேற்பட்ட மங்கோலியர் வாழ்கின்றனர். தனிநாட்டு மங்கோலியரினும் அவர் எண்ணிக்கை மிகுதி. 1947இல் அமைக்கப்பட்ட அப்பகுதிக்குத் 'தன்னாட்சி' என்ற பெயருண்டு. பழைய எழுத்து அங்கு அறுபடாமல் வாழ்ந்தது. பள்ளியிலும் நூலிலும் கடைப்பலகையிலும் அது நின்றது. எழுத்தை இழந்த வடமங்கோலியர், எழுத்தைக் காத்த தென்மங்கோலியரைப் பார்த்துப் பெருமூச்செறிந்த காலமும் உண்டு. ஆனால் 2020 செப்தம்பரில், மொழி, வரலாறு, அரசியல்நெறி ஆகிய மூன்றையும் இனிச் சீனமொழியிலேயே கற்பிக்க வேண்டுமென்று ஆணை வந்தது. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர், தெருவில் திரண்டனர். ஆணை மாறவில்லை. உலான்பாத்தரில் மக்கள் கிளர்ந்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் எல்பெக்தோர்சு வெளிப்படையாகக் குரல்கொடுத்தார். ஆளும் அரசோ சீனத்தைக் கண்டிக்கவில்லை. துலைக்கோலின் தட்டில் உடன்பிறந்தாரின் மொழியும் வைக்கப்பட்ட கொடுமை அது.

இவ்விரு மங்கோலியங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு ஓருண்மை விளங்கும். வடக்கே ஆட்சி இருந்தது, எழுத்து போயிற்று. தெற்கே எழுத்து இருந்தது, ஆட்சி இல்லை. எண்பது ஆண்டுகளுக்குப் பின், ஆட்சியுடையோர் இழந்த எழுத்தைத் தம் சட்டத்தால் மீட்கின்றனர். ஆட்சியில்லாதோர் காத்துவந்த மொழிக்கல்வியைப் பிறர் ஆணையால் இழக்கின்றனர். தம் மக்களின் பள்ளிமொழியைத் தாமே முடிவு செய்யும் உரிமை இல்லாதவிடத்து, தன்னாட்சி என்ற சொல் பெயர்ப்பலகையே. அவ்வுரிமை இருக்குமிடத்து, பிழைகளையும் தோல்விகளையும் காலம் ஆற்றிவிடும்.

ஆனால் உரிமை மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணுவார்க்கும் இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. சட்டம் எழுத்தை அலுவலகத்தில் ஏற்றலாம்; அடுக்களையிலும் கடைத்தெருவிலும் ஏற்ற வேண்டியவர் மக்களே. உருசியத்தின் இடத்தில் இன்று மங்கோலிய இளைஞர் ஆங்கிலத்தை அமர்த்தி வருகின்றனர். 2023இல் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் அயன்மொழியாக்கப்பட்டது. மூன்றாம் அண்டைநாடு மூன்றாம் ஆதிக்கமாக மாறாதவாறு காப்பதும் அவர்தம் பொறுப்பே. அயன்மொழி வாயிலாக இருக்கலாம். வீடாக இருத்தல் கூடாது.

ஆக, வல்லரசுகட்கு இடைப்பட்ட சிறுநாடு வாழும் வழி, ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுதலன்று. இரண்டையும் வெறுத்தலும் அன்று. எவரிடமும் முழுமையாகச் சாயாமை, பெற்றதை எழுத்திற் பெறுதல், தொலைவிலும் நண்பரைத் தேடுதல், ஒருவரையே நம்பிப் பிழைக்காத பொருளியல் அமைத்தல் ஆகியவை வேண்டும். இந்நான்கில் முதல் மூன்றையும் மங்கோலியர் நன்கு கற்றனர். நான்காவதை இன்னும் கற்கவில்லை. 2016ஆம் ஆண்டு நிகழ்ச்சி அக்குறையின் விளைவே. எனினும் இந்நான்கும் எல்லைக்கோட்டைக் காக்குமேயன்றி, அக்கோட்டுக்குள் வாழ்வோரை ஓரினமாக வைத்திரா. மங்கோலிய மொழி பேசவும் எழுதவும் படாத மங்கோலியத்துக்கு, வடக்கும் தெற்கும் உள்ள இருவரோடும் போராடித் தனியே நிற்க வேண்டிய தேவைதான் என்ன?

அத்தேவையை மங்கோலியர் உணர்ந்தமையால்தான், செம்பு விலையும் கல்நெய் விலையும் நெருக்கும் நாளிலும், பள்ளிப்பிள்ளை ஒருவன் மேலிருந்து கீழாகத் தன் பெயரை எழுதக் கற்பதற்கு அந்நாடு பொருள் ஒதுக்குகின்றது. தாய்மொழிக் காப்பை வேலையற்றோர் விளையாட்டென்று எள்ளுவோர்க்கு, இரு வல்லரசுகட்கு நடுவே நிற்கும் 35 இலக்கம் மக்கள் கூறும் விடை இது.